ஏசி கேஸ் ஏன் வருஷா வருஷம் 'தீர்ந்து' போகிறது? ரூ.7,000 கோடி ஓட்டையும் ஒரு சோப்பு நுரையும்

ஏப்ரல் பிறந்தால் போதும், பெங்களூருவிலிருந்து குருகிராம் வரை அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "நல்ல ஏசி மெக்கானிக் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?" வருகிறவர் அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டிப் பார்ப்பார். "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்" என்பார். இரண்டாயிரமோ மூவாயிரமோ ஜிபே ஆகும். அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிடும். அடுத்த ஏப்ரலில் அதே குழுவில் அதே கேள்வி.

இது எவ்வளவு பெரிய பழக்கம் என்பதற்கு இப்போது ஒரு கணக்கு இருக்கிறது. டெல்லியைச் சேர்ந்த ஐஃபாரஸ்ட் என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு, சென்னை உட்பட ஏழு நகரங்களில் சுமார் 3,100 வீடுகளில் கேட்டறிந்து 2025-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் சுமார் 40 சதவீத வீட்டு ஏசிகளுக்கு ஒவ்வொரு வருஷமும் கேஸ் நிரப்பப்படுகிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் பழைய ஏசி என்றால் இது 80 சதவீதம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவைப்படக் கூடாத ஒரு வேலைக்கு, 2024-ல் மட்டும் மக்கள் செலவழித்தது சுமார் ரூ.7,000 கோடி. ஒரு தடவைக்குச் சராசரியாக ரூ.2,200.

கேஸ் பெட்ரோல் மாதிரியா?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். பைக்கில் பெட்ரோல் எரிந்து தீரும். ஏசியில் இருக்கும் கேஸ் எதுவும் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் காயிலில் அது திரவத்திலிருந்து ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளியே அனுப்ப, அவுட்டோர் காயிலில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. மூடிய செம்புக் குழாய்க்குள் ஒரே கேஸ் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஃப்ரிட்ஜிலும் நடப்பது இதேதான். ஃப்ரிட்ஜுக்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறார்களா?

ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. வேறு வழியே இல்லை. ஓட்டையை விட்டுவிட்டு கேஸ் மட்டும் போடுவது, பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்று அடிப்பது மாதிரி.

டயர் என்று சும்மா சொல்லவில்லை. இன்று விற்கும் ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. ஏசி ஆஃப் ஆகி, அறை 30 டிகிரியில் இருக்கும்போது அந்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 265 பிஎஸ்ஐ, அதாவது கார் டயரில் இருப்பதைப் போல எட்டு மடங்கு. அந்த அழுத்தத்தைத் தலைமுடியைவிட மெல்லிய ஓட்டை ஒன்று இரவும் பகலும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு விஷயம், பலர் நினைப்பதற்கு நேர்மாறானது: உள்ளே இருக்கும் காயிலில் அழுத்தம் அதிகமாக இருப்பது ஏசி ஓடும்போது அல்ல, நின்றிருக்கும்போது. டெல்லிக்காரர்கள் நான்கு மாதக் குளிர்காலத்துக்குப் பிறகு ஏசியைப் போட்டதும் "யூஸே பண்ணலையே, கேஸ் எப்படிப் போச்சு?" என்று கேட்பதற்கான விடை இதில் இருக்கிறது.

ஓட்டை எங்கே விழுகிறது?

முதல் சந்தேகம் ஃபிளேர் ஜாயின்ட். இண்டோர், அவுட்டோர் யூனிட்களை இணைக்கும் செம்புக் குழாயின் நுனியைப் புனல் மாதிரி விரித்து, பித்தளை நட்டால் இறுக்கியிருப்பார்கள். வழக்கமான ஸ்ப்ளிட் ஏசியில் இப்படி நான்கு இணைப்புகள். குழாயை வெட்டிய பிசிறைச் சீவாமல் விரித்தால் கசியும். நட்டைக் குறைவாக இறுக்கினால் கசியும், அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு விரிசல்விட்டு ஆறு மாதம் கழித்துக் கசியும். சரியான இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் என்ற கருவி உண்டு. உங்கள் வீட்டில் ஏசி மாட்டியவர் அதை எடுத்து நீங்கள் பார்த்ததுண்டா? மே மாதத்தில் ஒரு நாளைக்கு இத்தனை இன்ஸ்டலேஷன் என்று கணக்கு வைத்து ஓடுகிறவரிடம் ஸ்பேனரும் கை அனுபவமும்தான் இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. வேலை மாறி, ஊர் மாறி ஒவ்வொரு முறை ஏசியைக் கழற்றி மாட்டும்போதும் அந்த நான்கு இணைப்புகளும் புதிதாகப் போடப்பட வேண்டும். பழைய விளிம்பின் மீதே நட்டை இறுக்கிவிட்டுப் போனால் அந்தக் கோடைக்கே தாங்காது.

இரண்டாவது, காயிலின் அரிப்பு. கடலோரத்தில் உப்புக்காற்று அவுட்டோர் காயிலைத் தின்னும் என்பது சென்னை, மும்பைவாசிகளுக்குத் தெரிந்ததுதான். இண்டோர் காயிலுக்கு வேறு எதிரிகள். பிளைவுட் பசை, பெயின்ட், சுத்தம் செய்யும் திரவங்களிலிருந்து வரும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து மெல்லிய அமிலமாகி, செம்பில் எறும்புப் புற்று மாதிரி கிளைகிளையாகத் துளைகளைப் போடும். புது இன்டீரியர் செய்த வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். சாக்கடை வாயுவும் அப்படித்தான். அதில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். டெல்லியை ஒட்டிய நொய்டாவில் கழிவுநீர் ஓடைகளின் ஓரமுள்ள குடியிருப்புகளில் ஏசி கேஸ் அடிக்கடி போகிறது என்ற புகார் பல வருஷப் பழசு. அங்கே ஓட்டை காயிலில் இருந்தாலும் காரணம் ஓடையில் இருக்கிறது. மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

ஏன் யாரும் ஓட்டையைத் தேடுவதில்லை?

தேடுவதற்கு யாரும் காசு தருவதில்லை என்பதுதான் நேரான பதில். கேஸ் போட்டால் அரை மணி நேரத்தில் பணம். ஓட்டையைத் தேடினால் இரண்டு மூன்று மணி நேரம், நைட்ரஜன் சிலிண்டரை மூன்றாம் மாடிக்குத் தூக்க வேண்டும், கடைசியில் "கண்டுபிடிச்சதுக்கே ரெண்டாயிரமா?" என்று பேரம் பேசுவார்கள். அழைப்புக்கு இத்தனை ரூபாய் என்று சம்பாதிக்கிற ஒருவர், 42 டிகிரி வெயிலில் பால்கனிக்கு வெளியே தொங்கிக்கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பார்? இதில் அவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை என்பது என் கருத்து. உடனே குளிரணும், சீக்கிரம் முடியணும், பில் குறைவா இருக்கணும் என்று நாம் கேட்கிறோம். அந்த மூன்றையும் தரும் ஒரே சேவை டாப்-அப்தான்.

மெதுவான கசிவைப் பிடிப்பதும் லேசான காரியமில்லை. ஒரு ஏசியில் 800 கிராம் கேஸ் இருக்கிறது, ஒரு வருஷத்தில் முழுவதும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2 கிராம் சொச்சம்தான். சோப்பு நுரையைத் தடவிவிட்டு இரண்டு நிமிஷம் பார்த்தால் குமிழி எதுவும் வராமல் போகலாம். "லீக் இல்ல சார், கேஸ்தான் கம்மி" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் தேடிய விதத்தில் அது தெரியாது, அவ்வளவே.

கேஸ் போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள். அடைத்த ஃபில்டரும் அழுக்கான அவுட்டோர் காயிலும் கேஸ் குறைவைப் போலவே நடிக்கும். அதன் பிறகும் குளிராவிட்டால், காயிலில் பனி பிடிக்கிறதா பாருங்கள். கேஸ் குறைந்தால் காயிலின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், காற்றின் ஈரம் அதன் மீது பனியாக உறையும்; ஆஃப் செய்ததும் உருகி இண்டோர் யூனிட்டிலிருந்து சொட்டும். ஃபிளேர் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பசையும் தூசியும் அப்பியிருந்தால் அது நல்ல தடயம். கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் வெளியேறும் இடத்தில் அதுவும் கசியும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் செட் செய்த டிகிரியைத் தொடவே முடியாமல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கரன்ட் பில்லில் அது தெரியும்.

ஒழுங்கான ரிப்பேர் எப்படி இருக்கும்?

முதலில் தேடல். எண்ணெய்த் தடயம் உள்ள இடத்தில் சோப்பு நுரை அல்லது எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர். இண்டோர் காயிலைச் சோதிப்பதென்றால் ஏசியை நிறுத்திவிட்டுச் செய்வது நல்லது. மேலே சொன்னபடி அப்போதுதான் அங்கே அழுத்தம் அதிகம். ஃபேனையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கசியும் கேஸைக் காற்று அடித்துப் போய்விடும்.

இதில் கிடைக்காவிட்டால் நைட்ரஜன் சோதனை. மிச்ச கேஸை எடுத்துவிட்டு, உலர்ந்த நைட்ரஜனைக் கம்பெனி மேனுவலில் சொன்ன அழுத்தம் வரை ஏற்றி, சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். சந்தேகம் காயில் மீதா பைப் மீதா என்று தெரியாவிட்டால் தனித்தனியாக அடைத்துச் சோதிப்பார்கள். முள் இறங்கினால் ஓட்டை இருக்கிறது. மதியம் ஏற்றி இரவு பார்த்தால், வெயில் இறங்கியதாலேயே கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக வெல்டிங் கடை ஆக்சிஜனை ஏற்ற யாராவது முயன்றால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் ஆயிலும் அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

ஓட்டை ஃபிளேரில் இருந்தால் குழாய் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்குவது சின்ன வேலை. பைப்பில் இருந்தால் பற்றவைக்கலாம், உள்ளே கேஸ் துளிகூட இல்லாதபோது. இண்டோர் காயிலில் அரிப்பு என்றால்தான் சிக்கல். எபாக்ஸி வைத்தோ பற்றவைத்தோ ஒரு துளையை மூடலாம். ஆனால் எறும்புப் புற்று அரிப்பில் ஒரு துளை தெரிந்தால் பக்கத்தில் இன்னும் சில தயாராகிக்கொண்டிருக்கும். அங்கே காயிலை மாற்றுவதுதான் உருப்படியான வழி. செலவு சில ஆயிரங்கள் என்பதால் முதலில் வாரண்டி கார்டைத் தேடி எடுங்கள். காயிலுக்கு வாரண்டி இருந்தும், கேட்காததால் வெளியில் காசு கொடுத்தவர்கள் உண்டு. காயில் இலவசம், கேஸுக்கு மட்டும் காசு என்ற நிபந்தனையும் இருக்கலாம்.

அடுத்தது பலரும் தவிர்க்கும் படி: வேக்யூம். பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. குறைந்தது இருபது முப்பது நிமிஷம் ஆகும். இதைச் செய்யாமல் உள்ளே இருக்கும் கேஸையே கொஞ்சம் 'புஸ்' என்று விட்டுக் காற்றைத் தள்ளுவது பரவலான குறுக்கு வழி. ஈரம் உள்ளே தங்கினால் ஆயில் கெடும், கம்ப்ரஸர் ஆயுள் குறையும்.

கடைசியாகத்தான் கேஸ். அதுவும் எடை போட்டு. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த அளவு ஏற்ற வேண்டும். கேஜில் முள்ளைப் பார்த்து நிரப்புவது பழைய ஏசிக்கு ஓரளவு ஒத்துவந்தது. இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முள்ளும் மாறும். "பாதி கேஸ், முழு கேஸ்" என்று ரேட் பேசுகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை கிராம்? பில்லில் அந்தக் கிராமையும், ஓட்டை எங்கே இருந்தது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் தகராறு வந்தால் கையில் காகிதம் இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லவும் அது உதவும். வாடகை வீட்டு ஏசி என்றால் ஓனரிடம் "இது மெயின்டனன்ஸ் இல்ல, ரிப்பேர்" என்று வாதாடவும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. சில ஏசிகளில் இருக்கும் ஆர்-290 என்பது புரொபேன், நம் சமையல் சிலிண்டரில் இருப்பதன் உறவினர். எனவே ஓட்டை தேடும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும், தீ வேண்டாம். பழைய ஆர்-22 ஏசியில் "இது சீப்பா வரும் சார்" என்று ஹைட்ரோகார்பன் கேஸை ஏற்ற விடாதீர்கள். அந்த மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இது ஏன் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை?

கசிந்த கேஸ் எங்கே போகிறது என்ற கேள்வி பில்லில் வராது. ஆர்-32 ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில் அது 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கொஞ்சம் பழைய ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. நாம் மேலே சொன்ன 800 கிராம் ஆர்-32 முழுதும் போனால் 540 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பைக்கில் 10,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் வரும் புகை அது. ஆபீஸுக்கு மெட்ரோவில் போய் மிச்சம் பிடித்ததெல்லாம் படுக்கையறைச் சுவரில் சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறது.

அரசின் விதிகள் இதைத் தொடுகின்றனவா? ஒரு பக்கம் தொடுகின்றன. ஓசோனை அரிக்கும் ஆர்-22 போன்ற கேஸ்களைப் புதிய கருவிகளில் பயன்படுத்துவது 2025 தொடக்கத்தோடு இந்தியாவில் முடிந்தது. ஆர்-32, ஆர்-410ஏ அடங்கிய எச்எஃப்சி வகைக்கு 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் உடன்பாடு வந்தது. இந்தியா அதை 2021-ல் ஏற்றது. அதன்படி 2024, 2025, 2026 ஆகிய மூன்று வருஷப் பயன்பாட்டின் சராசரியை அடிப்படையாக வைத்து 2028-ல் உச்சவரம்பு வரும். பிறகு 2032-ல் 10 சதவீதம் குறைப்பில் தொடங்கி 2047-ல் 85 சதவீதம் வரை.

இந்தக் கணக்கில் புது ஏசிக்குப் போகும் கேஸும் உங்கள் வீட்டு டாப்-அப்பும் ஒரே பானையிலிருந்துதான் எடுக்கப்படும். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. முதல் ஏசி வாங்கும் குடும்பங்கள் இன்னும் கூடும். பானைக்கு மூடி வந்த பிறகும் ஓட்டைக்கு இதே அளவு ஊற்றிக்கொண்டிருந்தால் விலை ஏறும். ஐரோப்பாவில் அப்படித்தான் ஆனது: அங்கே ஒதுக்கீட்டை இறுக்கியபோது, 2017, 2018-ல் சில கேஸ்களின் விலை பல மடங்கு ஏறியது, கூடவே கள்ளச்சந்தையும் வந்தது. இன்று 2,200 ரூபாய்க்குப் பிரச்சினையைத் தள்ளிப்போடுகிற வழி அப்போது அவ்வளவு மலிவாக இருக்காது.

இன்னொரு பக்கத்தை விதிகள் தொடவில்லை. எவ்வளவு கேஸ் தயாரிக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. சுவரில் மாட்டிய பிறகு அது என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாதவர் ஏசியின் கேஸ் சுற்றில் கை வைக்க முடியாது. ரிப்பேரின்போது கேஸை வேண்டுமென்றே காற்றில் விடுவது 1990-களிலிருந்தே குற்றம். அங்கேயும் விதி மீறுகிறவர்கள் உண்டு, ஆனால் மீறுவதற்கு ஒரு விதியாவது இருக்கிறது. இங்கே கேஜும் சிலிண்டரும் வாங்கினால் மெக்கானிக்.

2019-ல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்குதான். ஆனால் சான்றிதழ் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே டாப்-அப் ரேட்தான் கிடைக்கிறது என்றால் நைட்ரஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? ஓட்டை தேடும் வேலைக்கு எல்லா கம்பெனி சர்வீஸ் சென்டர்களும் தனிக் கட்டணமும், சரிசெய்த இடத்துக்கு ஒரு வருஷ உத்தரவாதமும் அறிவித்தாலே சந்தை கொஞ்சம் மாறும். இ-கழிவு விதிகளில் தயாரிப்பாளருக்கு இருக்கும் பொறுப்பை, ஏசி ஓடிக்கொண்டிருக்கும் பத்து வருஷத்துக்கும் நீட்ட வேண்டும் என்ற யோசனையும் பேச்சில் இருக்கிறது. எடுத்த கேஸைத் திருப்பிக் கொடுத்தால் மெக்கானிக்குக்குக் காசு என்ற ஏற்பாடு அதோடு சேர்ந்து வர வேண்டும். இன்று அவர் அதைச் சேமித்து எங்கேயும் கொடுக்க முடியாது. காற்றில் திறந்துவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே இடம்.